குடுமி யார் கையில்? பொது ஒலிபரப்பும் ஆட்சியாளர் தலையீடும்

2013 ஜூன் 11 பிற்பகலில் கிரேக்க அரசின் செய்தித் தொடர்பாளர் கேமரா முன் வந்து, நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமான ஈஆர்டி அன்றிரவோடு மூடப்படுகிறது என்றார். நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, வாக்கெடுப்பு இல்லை. அமைச்சர்கள் கையெழுத்திட்ட ஆணை ஒன்றே போதுமானதாக இருந்தது. அன்றிரவே வீடுகளில் திரை கறுத்துப்போனது. 2,600-க்கும் மேற்பட்டோர் ஒரே நாளில் வேலையிழந்தார்கள். கடன் நெருக்கடியில் வீண்செலவைக் குறைக்கிறோம் என்பது அரசு சொன்ன காரணம். ஊழியர்கள் கட்டடத்தை விட்டு நகரவில்லை; இணையம் வழியாகச் செய்தி வாசித்துக்கொண்டே இருந்தார்கள். ஐரோப்பிய ஒலிபரப்பாளர் ஒன்றியம் அதைப் பரப்ப உதவியது. பத்து நாளில் ஆளும் கூட்டணியிலிருந்து ஒரு கட்சி வெளியேறியது. பிறகு ஆட்சி மாறி, மூடிய அதே தேதியில், 2015 ஜூன் 11 அன்று ஈஆர்டி மறுபடி ஒளிபரப்புக்கு வந்தது.

இப்படித் திரையையே அணைக்கும் அரசுகள் குறைவு. அணைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும். பெரும்பாலான இடங்களில் திரை ஒளிர்ந்துகொண்டுதான் இருக்கும். அதே முகங்கள், அதே இசை, அதே நேரத்தில் செய்தி. ஆனால் எது முதல் செய்தியாக வருகிறது, எந்தக் கேள்வி கேட்கப்படாமல் போகிறது, யாருடைய பேச்சு அவர் குரலிலேயே வருகிறது, யாருடையது ஒரு வரிச் சுருக்கமாக வாசிக்கப்படுகிறது என்பதெல்லாம் மெல்ல மாறியிருக்கும். இந்த மாற்றத்துக்கு எழுத்தில் ஓர் ஆணைகூடத் தேவைப்படுவதில்லை. ஆணையில்லாமல் அது எப்படி நடக்கிறது என்பதைப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். பேச்சில் எல்லாவற்றையும் 'அரசு டிவி' என்று சொல்லிவிடுகிறோம். இரண்டு வேறு பொருள்கள் அதில் கலந்து கிடக்கின்றன. அரசு ஊடகம் என்பது அமைச்சகத்தின் ஒரு கிளை. அரசு சொல்வதைச் சொல்வது அதன் வேலை. பொது ஊடகம் மக்கள் பணத்தில் மக்களுக்காக நடப்பது. அன்றைக்கு ஆட்சியில் இருப்பவர்களும் அதன் செய்தியில் இடம்பெறுபவர்கள்தான், அதன் முதலாளிகள் அல்ல. இரண்டுக்கும் பணம் பெரும்பாலும் ஒரே கஜானாவிலிருந்தோ அரசு நிர்ணயிக்கும் கட்டணத்திலிருந்தோ வருவதால்தான் குழப்பம்.

ஆசிரியர் குழுவின் சுதந்திரம் என்றால் யாருக்கும் பதில் சொல்லாமல் இருக்கும் உரிமை என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அது தவறு. செலவுக் கணக்கை நாடாளுமன்றம் கேட்கலாம், தணிக்கை நடக்கலாம், தவறான செய்திமீது நேயர் புகார் கொடுக்கலாம், நீதிமன்றம் போகலாம். எதைச் செய்தியாக்குவது, எந்த வரிசையில், என்ன சொற்களில், யாரிடம் கேட்டு என்ற முடிவு மட்டும் செய்தி அறைக்குள் எடுக்கப்பட வேண்டும். ஒளிபரப்பான பிறகு கணக்குக் கேட்கலாம். ஒளிபரப்பாகும் முன் கத்தரி போடக் கூடாது. கோடு அவ்வளவுதான்.

எழுதுவதற்கு எளிதான இந்தக் கோடு நடைமுறையில் எப்படி அழிகிறது என்பதற்கு பிபிசியின் பிறப்புக் கதையைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1926 மே மாதம் பிரிட்டனில் பொது வேலைநிறுத்தம். அச்சுத் தொழிலாளர்களும் அதில் சேர்ந்ததால் செய்தித்தாள்கள் பெரும்பாலும் நின்றுபோயின. நாடு முழுக்கச் செய்தி சொல்ல முக்கிய வழியாக வானொலியே இருந்தது. அன்றைய பிபிசி, வானொலிப் பெட்டி தயாரித்தவர்கள் சேர்ந்து 1922-இல் தொடங்கிய ஒரு தனியார் கம்பெனி. அதைப் பொது நிறுவனமாக மாற்றலாம் என்று ஒரு குழு பரிந்துரைத்துச் சில வாரங்களே ஆகியிருந்தன. அந்தப் பரிந்துரையை ஏற்பதா வேண்டாமா என்பது அரசின் கையில் இருந்தது. வேலைநிறுத்தச் செய்தியை நேர்மையாகச் சொல்ல வேண்டிய நிறுவனத்தின் தலைவிதியை, அந்த வேலைநிறுத்தத்தில் ஒரு தரப்பாக நின்ற அரசே எழுத வேண்டியிருந்தது.

நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், வானொலியை அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று வாதாடினார். பிரதமர் பால்ட்வின் இணங்கவில்லை. சர்ச்சிலிடமிருந்து வானொலி தப்பியது என்று இந்தக் கதையைப் பெருமையாக முடிப்பது வழக்கம். கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறு படம் தெரிகிறது. எதிர்க்கட்சித் தலைவர் ராம்சே மெக்டொனால்டுக்கு வானொலியில் பேச இடம் தரப்படவில்லை. சமரசத்துக்கு வாருங்கள் என்று இரு தரப்பையும் கேட்டுக்கொண்ட கேன்டர்பரி பேராயரின் வேண்டுகோள் சில நாள் நிறுத்திவைக்கப்பட்டது. பிரதமரோ பிபிசியின் தலைவர் ஜான் ரீத்தின் வீட்டிலிருந்தே நாட்டு மக்களிடம் பேசினார். உரையைச் செப்பனிடவும் ரீத் உதவினார். அந்த நாட்களில் ரீத் தன் நாட்குறிப்பில் எழுதிய வரி ஒன்று உண்டு. பிபிசியைக் கைப்பற்றவில்லை என்று சொல்லிக்கொள்ள அரசு விரும்புகிறது, ஆனால் பிபிசி உண்மையில் நடுநிலையாக இருக்காது என்று நம்பலாம் என்பது அரசுக்குத் தெரியும் என்பது அதன் பொருள்.

அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபத்தைவிட வருத்தமே மேலிடுகிறது. ரீத் வளைந்து கொடுக்காமல் இருந்திருந்தால் சர்ச்சில் கேட்டது நடந்திருக்கக்கூடும். நிறுவனத்தைக் காப்பாற்ற அவர் செய்தியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார். 1927 ஜனவரி 1 அன்று அரச சாசனத்தோடு பிபிசி பொது நிறுவனமானது. பொது ஒலிபரப்பின் வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பேரம் இது: இன்று கொஞ்சம் தணிந்து போவோம், நாளைக்கு நிறுவனம் இருக்க வேண்டுமல்லவா. பேரம் பேசியவர்கள் எல்லோரும் கோழைகளோ விலைபோனவர்களோ அல்ல. தணிந்தே தீர வேண்டிய இடத்தில் அவர்களை நிறுத்தி வைத்த ஏற்பாடு ஒன்று இருந்தது. அதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அதே பிபிசி 1956-இல் எகிப்துமீதான சூயஸ் போரின்போது, பிரதமர் ஈடன் எவ்வளவு சினந்தும், போரை எதிர்த்த எதிர்க்கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெலுக்குப் பதிலுரை ஆற்ற நேரம் கொடுத்தது. நடுவில் முப்பது ஆண்டுப் பழக்கம் சேர்ந்திருந்தது. முதுகெலும்பு ஒரே நாளில் முளைப்பதில்லை.

சட்டத்தின் பின்பக்கங்கள்

பொது ஒலிபரப்புச் சட்டம் எந்த நாட்டுடையதானாலும் முதல் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். தன்னாட்சி, நடுநிலை, பன்முகத்தன்மை, பொதுநலன். அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய், பணம், நியமனம், விதிகள் என்று சலிப்பூட்டும் பிரிவுகளைப் படித்தால்தான் உண்மை தெரியும்.

இந்தியாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி இதற்கு நல்ல பாடம். 1975 முதல் 1977 வரை நெருக்கடிநிலைக் காலத்தில் அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் ஆட்சியின் ஊதுகுழல்களாக ஆக்கப்பட்டன. அரசு கேட்ட நிகழ்ச்சிக்கு ஒத்துழைக்கவில்லை என்பதற்காகப் பாடகர் கிஷோர் குமாரின் பாடல்களே நிறுத்தப்பட்டன. அடுத்து வந்த ஜனதா அரசு பி.ஜி. வர்கீஸ் தலைமையில் குழு அமைத்தது. 1978-இல் வந்த அதன் அறிக்கை 'ஆகாஷ் பாரதி' என்ற பெயரில் ஒரு தேசிய அறக்கட்டளையைப் பரிந்துரைத்தது, அது சட்டமாகவில்லை. 1990-இல் பிரசார் பாரதி சட்டம் நிறைவேறியது. நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வர 1997 செப்டம்பர் வரை ஏழு ஆண்டு காத்திருந்தது. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது தன்னாட்சி கேட்டவர்களுக்கு ஆளுங்கட்சி வரிசைக்கு மாறியதும் அவசரம் இருக்கவில்லை என்பதை இந்தத் தேதிகளே சொல்கின்றன. இதற்கிடையில் 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் தனியுரிமை அல்ல என்று வங்காள கிரிக்கெட் சங்கம் தொடர்பான வழக்கில் தீர்ப்புச் சொன்னது.

சட்டத்துக்குள் போய்ப் பாருங்கள். வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் மாநிலங்களவைத் தலைவர், பிரஸ் கவுன்சில் தலைவர், குடியரசுத் தலைவரின் நியமனர் ஒருவர் என்று மூவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 33ஆம் பிரிவின்படி நிறுவனம் தனக்கான சில ஒழுங்குமுறைகளை வகுக்கவே மத்திய அரசின் முன்அனுமதி வேண்டும். 23ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது அமைதி போன்ற காரணங்களைச் சொல்லி ஒன்றை ஒலிபரப்பாதே என்றோ, பொது முக்கியத்துவம் உள்ள ஒன்றை ஒலிபரப்பு என்றோ சொல்லும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. சம்பளத்தின் பெரும்பகுதி அரசு மானியம். 2017 சுதந்திர தினத்தன்று திரிபுரா முதல்வராக இருந்த மாணிக் சர்க்கார் பதிவு செய்து கொடுத்த உரை, நாளின் மாண்புக்கு ஏற்ப உள்ளடக்கத்தை மாற்றினால்தான் ஒலிபரப்ப முடியும் என்று திருப்பப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு முதல்வருக்கே இதுதான் நிலை.

நியமிப்பவர் யார்

தலைவரையும் வாரியத்தையும் யார் நியமிக்கிறார்கள், எத்தனை ஆண்டுக்கு, யாரால் நீக்க முடியும் என்ற மூன்று கேள்விக்கும் விடை ஒரே நபரிடம் போய் முடிந்தால், மற்றதைப் பேச வேண்டியதே இல்லை. போலந்தில் 2015 இறுதியில் ஆட்சிக்கு வந்த 'சட்டமும் நீதியும்' கட்சி சில வாரங்களில் ஒரு சிறு சட்டம் கொண்டுவந்தது. பொதுத் தொலைக்காட்சியின் நிர்வாகத்தை நிதிக் கருவூல அமைச்சர் நேரடியாக நியமிக்கலாம் என்றது அது. அது கையெழுத்தான அடுத்த நாளே அந்தக் கட்சியின் அரசியலில் இருந்து வந்த யாட்செக் குர்ஸ்கி தலைவரானார். 2023 தேர்தலைக் கண்காணித்த ஐரோப்பியப் பார்வையாளர்கள், பொதுத் தொலைக்காட்சி வெளிப்படையாக ஆளுங்கட்சிப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அறிக்கை கொடுத்தார்கள். பிரான்சில் 2009-இல் சர்க்கோசி, பொதுத் தொலைக்காட்சித் தலைவரைக் குடியரசுத் தலைவரே நியமிக்க வழிசெய்தார். 2013-இல் அடுத்த அரசு அதைத் திரும்பப் பெற்றது.

மரபுகள் வலுவான இடங்களிலும் கசிவு உண்டு. பிபிசி வாரியத் தலைவர் ரிச்சர்ட் ஷார்ப் 2023 ஏப்ரலில் பதவி விலகினார். தன்னை அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்த காலத்தில், பிரதமர் போரிஸ் ஜான்சனுக்கு 8 லட்சம் பவுண்டு வரையிலான கடன் வசதி கிடைக்க அறிமுகம் செய்துவைத்ததை அவர் முறைப்படி தெரிவிக்கவில்லை என்று விசாரணை முடிவு செய்திருந்தது. ஜப்பானின் என்எச்கே ஆளுநர் குழுவில் 12 பேர். பிரதமர் நாடாளுமன்ற ஒப்புதலோடு நியமிக்கிறார், ஆண்டு வரவு செலவுத் திட்டத்துக்கும் நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும். 2014 ஜனவரியில் புதிய தலைவராக வந்த கட்சுதோ மொமி, முதல் செய்தியாளர் சந்திப்பிலேயே வெளிநாட்டு ஒலிபரப்பு பற்றிப் பேசுகையில், அரசு வலது என்று சொல்லும்போது நாம் இடது என்று சொல்ல முடியாது என்றார். அவரிடம் அதைச் சொல்லும்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, அவராகவே சொன்னார்.

ஜெர்மனியின் அனுபவம் தனி. வானொலியை நாஜிகள் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பது கண்முன் இருந்ததால், போருக்குப் பிந்தைய ஏற்பாட்டில் ஒலிபரப்பு 'அரசுக்குத் தொலைவில்' இருக்க வேண்டும் என்பது அடிப்படை விதியானது. 1961-இல் பிரதமர் அடினாயர் மத்திய அரசின் கைக்குள் ஒரு தொலைக்காட்சிக் கம்பெனி தொடங்கப் பார்த்தபோது அரசமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அப்படியிருந்தும் அரசியல்வாதிகள் கண்காணிப்புக் குழுக்களில் மெல்ல வந்து நிறைந்தார்கள். 2009-இல் பொதுத் தொலைக்காட்சியான இசட்டிஎஃப்பின் தலைமைச் செய்தி ஆசிரியர் நிக்கோலாஸ் பிரெண்டரின் ஒப்பந்தத்தை நீட்டிக்க நிர்வாகக் குழு மறுத்தது. அதற்கு முன்னின்றவர் ஹெஸ்ஸே மாநில முதல்வர். செய்தியைக் குறை சொல்ல முடியாதபோது ஆசிரியரை மாற்றினார்கள் என்று நாடே பேசியது. வழக்கு நடந்து 2014 மார்ச்சில் தீர்ப்பு வந்தது: அரசோடு தொடர்புடையவர்கள் இந்தக் குழுக்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒரு நீதிமன்றம் எண்ணிக்கையில் வரையறை சொன்னது எனக்கு முக்கியமாகப் படுகிறது. 'நடுநிலையானவர்களை நியமியுங்கள்' என்ற வேண்டுகோளை யாரும் வளைத்துவிடலாம். மூன்றில் ஒன்று என்றால் எண்ணிப் பார்த்துக் கேட்கலாம்.

படியளப்பவர்

பணம் வரும் வழி மூன்று: வீட்டில் பெட்டி வைத்திருக்க நேயர் கட்டும் உரிமக் கட்டணம், அரசு மானியம், விளம்பரம். விளம்பரத்தை நம்பினால் வேறு முதலாளி வந்து சேர்வார், அதை இங்கே விட்டுவிடலாம். உரிமக் கட்டணம் நேயரிடமிருந்து நேரே வருவதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதில் பாதிதான் உண்மை. கட்டணம் எவ்வளவு என்று நிர்ணயிப்பது யார் என்பது மீதிப் பாதி. 2015-இல் பிரிட்டன் அரசு, 75 வயதைக் கடந்தவர்களுக்கு இலவச உரிமம் தரும் செலவைத் தன் தோளிலிருந்து இறக்கி பிபிசியின் தோளில் ஏற்றியது. சில நாட்களில் மூடிய அறைக்குள் முடிந்த பேச்சு அது. 2022-இல் கட்டணத்தை 159 பவுண்டில் இரண்டு ஆண்டு உறைய வைத்தது. ஒரு செய்தியைக்கூடத் தொடாமல் நூற்றுக்கணக்கான செய்திகளை இல்லாமல் ஆக்கலாம். அதை எடுக்கப்போகும் செய்தியாளரின் சம்பளத்துக்கு வழியில்லாமல் செய்தால் போதும்.

அமெரிக்கா வேறு விதமாக யோசித்தது. 1967 சட்டம் அரசுக்கும் நிலையங்களுக்கும் நடுவில் பொது ஒலிபரப்புக் கழகம் என்ற இடைச்சுவரைக் கட்டியது. 1972-இல் அதிபர் நிக்சன் நிதி மசோதாவை வீட்டோ செய்தபோது சுவரின் உயரம் போதவில்லை என்று புரிந்தது. 1975-இல் பல ஆண்டுகளுக்கான நிதியை முன்கூட்டியே ஒதுக்கும் முறை வந்தது. இன்றைக்கு வந்த செய்திக்கு நாளைக்குத் தண்டனை கொடுக்க முடியாதபடி கால இடைவெளியையே கவசமாக்கிய நல்ல ஏற்பாடு. ஏறக்குறைய அரை நூற்றாண்டு அது தாங்கியது. 2025 ஜூலையில், அப்படி முன்கூட்டி ஒதுக்கிய இரண்டு ஆண்டு நிதி 110 கோடி டாலரையும் காங்கிரஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆகஸ்ட் முதல் நாளே அந்தக் கழகம் தன்னை மூடிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. பெரிய நகர நிலையங்களுக்கு நன்கொடையாளர்கள் இருக்கிறார்கள். வருமானத்தில் பெரும்பங்கு இந்த மானியமாகவே இருந்த சிற்றூர் நிலையங்களுக்குத்தான் அடி.

ஜெர்மனியில் நிறுவனங்களின் தேவையைக் கணக்கிட்டுக் கட்டணம் சொல்ல 16 பேர் கொண்ட தனி நிபுணர் குழு இருக்கிறது. மாநிலங்கள் அதைச் சட்டமாக்க வேண்டும். 2020 இறுதியில் கட்டணத்தை மாதத்துக்கு 86 சென்ட் உயர்த்தும் முடிவை சாக்சனி-அன்ஹால்ட் என்ற ஒரே மாநிலம் தடுத்தது. 2021-இல் அரசமைப்பு நீதிமன்றம், நிதி தராமல் இழுத்தடிப்பதும் ஒலிபரப்புச் சுதந்திரத்தை மீறுவதே என்று சொல்லி உயர்வை நடைமுறைப்படுத்தியது. 86 சென்ட்டுக்காக நாட்டின் உச்ச நீதி அமைப்பு இறங்கி வந்தது பெரிய செய்தி. ஸ்லோவாக்கியாவில் நேர்மாறு: 2023-இல் உரிமக் கட்டணத்தை ஒழித்து அரசு நிதிக்கு மாற்றினார்கள், 2024 ஜூலையில் ஆர்டிவிஎஸ் என்ற பொது ஒலிபரப்பு நிறுவனத்தையே கலைத்து எஸ்டிவிஆர் என்ற புதுப் பெயரில் புது நிர்வாகத்தோடு தொடங்கினார்கள். மக்களுக்குச் சுமை குறைகிறது என்று வரவேற்கப்பட்ட முதல் படியே இரண்டாவது படியை எளிதாக்கியது.

குறிப்பறிதல்

நியமனமும் நிதியும் வெளியிலிருந்து இழுக்கும் கயிறுகள். அவை தினமும் இழுக்கப்படுவதில்லை. கயிறு இருக்கிறது என்று தெரிந்தாலே போதும். மற்றதைச் செய்தி அறை தானே செய்துகொள்ளும். மேலிடத்தின் முகக்குறிப்பைப் படித்து, கேட்கும் முன்னே கொடுத்துவிடும் பழக்கம். அரசவையில் அது திறமை. செய்தி அறையில் அது நோய்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அவ்வளவு சாதாரணமாக இருக்கும். ஓர் ஊழல் செய்தி வருகிறது. யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. 'இன்னொரு ஆதாரம் கிடைக்கட்டும்' என்கிறார்கள். கேட்க நியாயமான சொல். ஆனால் எதிர்க்கட்சியின் ஊழலுக்கு அந்த இன்னொரு ஆதாரம் கேட்கப்படுவதில்லை. அடுத்த நாள் 'அமைச்சரின் பதிலையும் சேர்த்துப் போடலாம்' என்கிறார்கள். அமைச்சர் பதில் தராமல் இருந்தாலே செய்தி தள்ளிப்போகிறது. நான்காம் நாள் 'பழசாகிவிட்டது' என்கிறார்கள். இதில் எந்த இடத்திலும் தணிக்கை என்று விரல் வைத்துக் காட்ட முடியாது. அல்லது சொற்களில் நடக்கும்: ஒரு தரப்பு 'தெரிவித்தது', இன்னொரு தரப்பு 'குற்றம் சாட்டியது', போலீஸ் சுட்டதில் இறந்தவர்கள் 'மோதலில் உயிரிழந்தார்கள்'. நிலையத்துக்குள் கடுமையாகக் கேள்வி கேட்கும் தொகுப்பாளர் ஒருவர் காலை நேரத்திலிருந்து நள்ளிரவுக்கு மாற்றப்படுவார். நிர்வாகக் காரணம் என்று ஒரு குறிப்பு வரும். அவரைப் பார்த்து மற்ற இருபது பேர் பாடம் கற்றுக்கொள்வார்கள். அந்த இருபது பேரையும் யாரும் மிரட்டியிருக்க மாட்டார்கள்.

இந்த நோய் எழுத்தில் சிக்குவது அபூர்வம். 2018 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் ஏபிசியில் சிக்கியது. வாரியத் தலைவர் ஜஸ்டின் மில்ன், நிர்வாக இயக்குநருக்கு எழுதிய மின்னஞ்சல் பத்திரிகையில் வெளியானது: அரசுக்கு இன்ன செய்தியாளரைப் பிடிக்கவில்லை, அவரை அனுப்பிவிடுங்கள் என்ற பொருளில் இருந்தது அது. அரசு தன்னிடம் அப்படிக் கேட்கவில்லை என்று மில்ன் சொன்னார், பதவி விலகினார். அவர் சொன்னது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போது நிலைமை இன்னும் மோசமாகிறது. கேட்காமலே கொடுக்க வாரியத் தலைவரே தயாராக இருந்திருக்கிறார். அந்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில்தான் ஏபிசியின் நிதி உயர்வை அரசு நிறுத்தி வைத்திருந்தது.

தென்னாப்பிரிக்காவின் எஸ்ஏபிசியில் 2016 மே மாதம், போராட்டங்களில் பொதுச் சொத்து எரிக்கப்படும் காட்சிகளைக் காட்டப்போவதில்லை என்று நிர்வாகம் அறிவித்தது. உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. வன்முறையைத் தூண்டக் கூடாது என்ற காரணம் கேட்பவருக்குப் பொறுப்பாகவே ஒலிக்கும். மறுத்துப் பேசிய எட்டுச் செய்தியாளர்கள் நீக்கப்பட்டார்கள். ஒழுங்குமுறை ஆணையம் அந்தத் தடையைக் கைவிடச் சொன்னது. தொழிலாளர் நீதிமன்றம் அவர்களில் சிலரை மீண்டும் வேலையில் அமர்த்த உத்தரவிட்டது. அந்த எட்டுப் பேரும் நிலையத்தின் பகைவர்கள் அல்லர். வெளியே போய் வேறு வேலை தேடிக்கொள்வதைவிட உள்ளே நின்று பேசத் துணிந்தவர்கள்.

எழுத்திலேயே வந்த தடைகளும் உண்டு. 1988 அக்டோபரிலிருந்து 1994 செப்டம்பர் வரை, வட அயர்லாந்தின் சின் ஃபெயின் கட்சி உள்ளிட்ட அமைப்புகளின் பிரதிநிதிகள் குரலை ஒலிபரப்பக் கூடாது என்று பிரிட்டன் அரசு தடைவிதித்தது. ஒலிபரப்பாளர்கள் நடிகர்களை வைத்து அதே சொற்களைப் பேசவைத்தார்கள். அரசுத் தடை எழுத்தில் இருந்ததால்தான் அதற்கு எதிராக இப்படி ஒரு வழி தேட முடிந்தது, நேயருக்கும் இங்கே தடை இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தெரிந்தது. குறிப்பறிந்து நடக்கும் நிலையத்தில் நேயருக்கு அது தெரியவே தெரியாது.

கெட்டுப்போனதைச் சரிசெய்வது எப்படி என்ற கேள்வி இதைவிடக் கடினம். போலந்துக்கே திரும்பிப் போகலாம். 2023 டிசம்பரில் டொனால்ட் டஸ்க் தலைமையில் புதிய அரசு வந்ததும் பண்பாட்டு அமைச்சர் பொதுத் தொலைக்காட்சியின் நிர்வாகத்தை நீக்கினார். செய்தி அலைவரிசையின் ஒளிபரப்பு நின்றது. குடியரசுத் தலைவர் டூடா நிதியை வீட்டோ செய்தார். உடனே அமைச்சர் நிறுவனத்தைக் 'கலைப்பு நிலை'க்குக் கொண்டுபோய், கலைப்பாளர் வழியாக நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். முந்தைய எட்டு ஆண்டுப் பிரசாரத்தைக் கண்டு மனம் வெந்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் முந்தைய ஆட்சியைக் கடுமையாக விமர்சித்து வந்த போலந்தின் ஹெல்சிங்கி மனித உரிமை அறக்கட்டளையே இந்த வழியின் சட்டத்தன்மை குறித்துக் கேள்வி எழுப்பியது. அந்தக் கேள்வி சரியானது என்றே நான் நினைக்கிறேன். அமைச்சர் ஒருவர் ஒரே இரவில் நிர்வாகத்தை மாற்ற முடிகிறது என்றால், நல்ல அமைச்சர் செய்ததை அடுத்து வரும் கெட்ட அமைச்சரும் செய்யலாம். 2025 ஆகஸ்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க நடைமுறைக்கு வந்துள்ள ஊடகச் சுதந்திரச் சட்டம் இதற்காகவே, பொது ஊடகத் தலைவர்களை வெளிப்படையான முறையில் நியமிக்க வேண்டும், பதவிக்காலம் முடியும் முன் நீக்கக் காரணம் வேண்டும், நிதி போதுமானதாகவும் முன்கூட்டியே தெரிந்ததாகவும் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பேச்சுவார்த்தையில் எழுதப்பட்ட பொதுவான சொற்கள்தான். ஆனாலும் நியமனம், நீக்கம், நிதி என்று சரியான இடங்களில் கை வைத்திருக்கிறது.

சட்டம் தாங்காத இடத்தில் நேயர்கள் தாங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. 2000 டிசம்பரில் செக் தொலைக்காட்சிக்கு யிரி ஹோடாச் என்பவர் தலைவராக நியமிக்கப்பட்டார். பெரிய கட்சிகளின் ஏற்பாடு இது என்று சொல்லிச் செய்தியாளர்கள் அவரை ஏற்க மறுத்தார்கள். கிறிஸ்துமஸ் நாட்களில் செய்தி அறையிலேயே படுத்துறங்கி, தங்கள் செய்தியைத் தாங்களே ஒளிபரப்பினார்கள். நிர்வாகம் திரையை மறைத்தது. 2001 ஜனவரி 3 அன்று பிராகாவின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் பல்லாயிரக்கணக்கானோர் திரண்டார்கள். ஜனவரி 11-இல் ஹோடாச் விலகினார். ஒரு தொலைக்காட்சி நிலையத்தின் நிர்வாகப் பதவிக்காக அத்தனை பேர் குளிரில் நின்றார்கள். நம் வீட்டுப் பெட்டிக்குள் யாரோ கை விடுகிறார்கள் என்று அவர்களுக்குப் பட்டிருக்கிறது.

இலங்கையில் அதே உணர்வு நீதிமன்றத்துக்குப் போனது. 1995-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்றைத் திடீரென நிறுத்தியது. பலதரப்பட்ட பொது விஷயங்களைப் பேசிய நிகழ்ச்சி அது. நேயர்களும் அதில் கலந்துகொண்டு கேள்வி கேட்பார்கள். நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றத்தில் மனு வந்தது. நிகழ்ச்சியில் பங்குகொண்டு வந்த நேயரின் பேச்சுரிமை மீறப்பட்டிருக்கிறது என்று 1996-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் நிலையத்தின் ஊழியர் அல்லர், அரசியல் கட்சிக்காரரும் அல்லர். வானொலிக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டு, கேள்வி அனுப்பிவந்த நேயர்களில் ஒருவர்.